சர்வீஸ் அலமாரியில் தொண்ணூறு நாள்

போன மாதம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சேலத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர்கள். ஒருவர் கேட்டார்: "மணியண்ணா, கையில வெச்சு ஆடுவாங்களே கேம் மெஷினு, பஸ்ஸுல பாத்தாலும் இருக்கும், ஆஸ்பத்திரி வராண்டாவுல பாத்தாலும் இருக்கும். அது எப்படிண்ணா ஒரேடியா இல்லாமப் போச்சு? நீங்கதானே அதுல இருந்தீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர், "போன் வந்துச்சு, போச்சு. இதுல என்ன இருக்குது" என்றார். கேட்டவர் சரி என்று தலையாட்டினார். நானும் தலையாட்டிவிட்டு ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் கேம் ஆடுகிற போன் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே, மெஷினில் ஆடியவர்களில் பாதிப் பேரை நாங்கள் வெளியே அனுப்பியிருந்தோம். அனுப்பிய கைகளில் என் கையும் ஒன்று. அதை யாரும் கேட்கவில்லை, நானும் இதுவரை சொல்லவில்லை.

ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்தேன். இரண்டு வருடம் ஒரு டேப் ரெக்கார்டர் கடையில் இருந்தேன். பிறகு சேலத்தில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்து, இருபத்தொரு வருடம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். அந்தக் கடை ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கேம் மெஷின்களுக்கு ஏஜென்ஸி எடுத்திருந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் மெஷின். பின்பக்கம் கேசட் சொருகினால் திரையில் விளையாட்டு வரும். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்துக்கும் ரிப்பேர் என்றால் எங்கள் சர்வீஸ் கவுண்டர்தான்.

எங்கள் மேனேஜர் ஞானசேகரன் சார். ஆத்தூர்க்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பையில் மூடி போட்ட பேனா, கையில் எப்போதும் மடித்த கைக்குட்டை. இருபத்தொரு வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சேர்ந்த முதல் நாளே என்னைக் கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தி மூன்று விஷயம் சொன்னார்.

"மெஷின் கொண்டு வர்றவங்ககிட்ட 'என்ன பண்ணீங்க'ன்னு கேக்காதீங்க, மணி. 'என்ன ஆச்சு'ன்னு கேளுங்க. என்ன பண்ணீங்கன்னு கேட்டா திருட்டுக் கேசு மாதிரி ஆயிடும். அவங்க பயந்துபோய்ப் பொய் சொல்லுவாங்க, நீங்க தப்பான எடத்துல தேடுவீங்க."

இரண்டாவது, மெஷினை வாங்கியதும் கேசட்டைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். மெஷின் நம்முடைய பொறுப்பு, கேசட் அவர்களுடையது. மூன்றாவது, ரிப்பேர் முடிந்து வாங்க வருகிறவர் கவுண்டரிலேயே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆட்டம் முடியும்வரை சார் பக்கத்தில் நின்று பார்ப்பார். தோற்றால், "இன்னொண்ணு ஆடுங்க, அவசரமில்ல" என்பார். கொடுக்கும்முன் கைக்குட்டையால் திரையை ஒரு முறை துடைப்பார்.

வந்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். கேம் என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நினைக்கிறார்கள். பிள்ளைகள் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கவுண்டரை நிரப்பியவர்கள் பெரியவர்கள். மெஷினைத் திறந்தாலே அவர்கள் வேலை தெரிந்துவிடும். ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவரின் மெஷினில் பட்டன் ரப்பருக்கு அடியில் நெய் உறைந்திருக்கும். போர்வெல் போட ரிக் லாரியில் வெளியூர் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் ஊர் திரும்பும்போது கொண்டு வருவார்கள். உள்ளே மாவு மாதிரிக் கல்தூள். தறிக்காரர் மெஷின் என்றால் பஞ்சு. இவர்கள் எல்லோரும் ஒரு மெஷின், ஒரு கேசட் வாங்கியவர்கள். அந்த ஒன்றையே ஐந்து வருடம், எட்டு வருடம் ஆடுவார்கள். வேறு கேசட் காட்டினால், "இதே நல்லாத்தானுங்க இருக்குது" என்பார்கள்.

சரசு அக்கா அப்படி வந்தவர். வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் வேலை. நாற்பது வயதிருக்கும். முதல் முறை வந்தபோது மெஷினைத் துண்டுத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். பின்பக்க மூடியின் கொக்கி உடைந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைப் போட்டு ஒட்டியிருந்தது.

"என்ன ஆச்சுங்க?"

"மெசினுக்கு ஒண்ணும் ஆகலீங்க. பேருதான் அழிஞ்சு அழிஞ்சு போகுது."

விசாரித்தேன். அது கட்டங்களை அடுக்கும் ஆட்டம். மேலிருந்து விழுகிற துண்டுகளைத் திருப்பி, வரிசை சேர்த்து அழிக்க வேண்டும். அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பெயரைக் கேசட் நினைவில் வைத்துக்கொள்ளும். பெயர் என்றால் மூன்று ஆங்கில எழுத்து. பண்ணையில் அவரோடு வேலை பார்க்கும் பெண்கள் மூன்று பேர். நாலு பேரும் சேர்ந்து வாங்கிய மெஷின் அது. பண்ணை முதலாளி ஷெட்டுக்குள் போன் கூடாது என்று சொல்லியிருந்தார், பேச ஆரம்பித்தால் வேலை நின்றுபோகும் என்று. மதியச் சோற்றுக்குப் பிறகு அரை மணி நேரம் இந்த மெஷினை முறை வைத்து ஆடுவார்கள்.

"எங்க நாலு பேருல மூணு பேருக்கு இங்கிலீசு தெரியாதுங்க. ஆளுக்கு மூணு எழுத்து மட்டும் கத்துக்கிட்டோம். எனக்கு எஸ்ஸு, ஏ, ஆரு. போன மாசம் நாந்தானுங்க மொதல்ல இருந்தேன். ஒரு நா பாத்தா எல்லாம் போயிருக்குது. மறுபடி ஆடிச் சேத்தோம். இப்ப மறுபடி ஒண்ணு ரெண்டு காணோம். முழுசா அழியறதுக்குள்ள பாத்துக் குடுங்க."

கேசட்டுக்குள் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துகொண்டிருந்தது. மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் கழற்றிய நொடியில் மிச்சப் பெயர்களும் போய்விடும். கம்பெனிப் புத்தகத்தில், அழியும் என்று கஸ்டமரிடம் சொல்லிவிட்டு மாற்றவும் என்றுதான் இருந்தது. நான் ஞானசேகரன் சாரைப் பார்த்தேன். அவர், "அந்த அம்மா வெண்ணந்தூர்ல இருந்து வந்தது பேட்டரிக்கா, பேருக்கா?" என்றார்.

அன்று செய்த வேலை இன்னும் கையில் இருக்கிறது. கேசட்டின் திருகாணிக்குச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் பொருந்தாது. பால்பாயிண்ட் பேனாவின் குழலைத் தீயில் இளக்கி, திருகாணித் தலையில் அழுத்தி, ஆறவிட்டு, அதையே டிரைவராக்கித் திறந்தேன். இரண்டு பென்சில் பேட்டரியைத் தொடராக வைத்து ஒயர் எடுத்து, பழைய பேட்டரியின் இரண்டு முனைகளோடும் பற்றவைத்தேன். இப்போது கேசட்டுக்கு வெளியிலிருந்து உயிர் போய்க்கொண்டிருக்கும். சால்டரிங் அயர்னைக் காயவைத்து, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். கரண்ட் துளி கசிந்தாலும் எல்லாம் போய்விடும். பழையதை எடுத்து, புதியதை வைத்து, கடைசியில் வெளி ஒயர்களைக் கழற்றினேன். சார் மெஷினை எடுத்து நீட்டினார். மெஷினில் சொருகினோம். மிச்சம் இருந்த பெயர்கள் எல்லாம் இருந்தன.

சரசு அக்கா பட்டியலை விரல் வைத்துப் பார்த்தார். "தாயம்மா இருக்கறா. நானும் இருக்கறேன்" என்றார். கவுண்டரில் நின்றே ஒரு ஆட்டம் ஆடினார். முட்டை பிரிக்கிற விரல்கள். அந்த வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அதன் பிறகு மூன்று நான்கு வருடம், மழைக்கு முன்னால் ஒரு முறை வந்து தீவனத் தூளைத் துடைத்து வாங்கிப் போவார்.

அப்புறம் கம்பெனியிலிருந்து சாரைச் சென்னைக்குக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பினார். வழக்கமாக வந்ததும் கவுண்டரைத் துடைப்பவர், அன்று நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார்.

"ஒரே கேசட்டை எட்டு வருஷம் ஆடறவங்க நமக்குக் கஸ்டமர் இல்லையாம், மணி. மாசம் ஒரு கேம் வாங்கறவன்தான் கஸ்டமராம். படம் போட்டுக் காட்டினாங்க."

கம்பெனி புது மாடல் கொண்டு வந்தது. அதில் கேசட் சொருகவே இடமில்லை. விளையாட்டை இன்டர்நெட்டில்தான் இறக்க வேண்டும். அதற்கு ஈமெயில், அதன் பேரில் ஒரு கணக்கு, பேங்க் கார்டு எல்லாம் வேண்டும். பழைய மாடலை வைத்திருப்பவர்களைப் புதியதற்கு 'நகர்த்த' வேண்டும் என்று கடிதம் வந்தது. எப்படி நகர்த்துவது என்பதும் அதிலேயே இருந்தது. பழைய மாடலுக்கு உதிரி பாகம் இனி வராது. கையிருப்பை எண்ணிப் பட்டியல் அனுப்ப வேண்டும். அதிலிருந்து எதையும் எடுத்துப் போடக் கூடாது. கஸ்டமர் கேட்டால் 'பார்ட்ஸ் வந்துகொண்டிருக்கிறது' என்று சொல்ல வேண்டும்.

எங்கள் அலமாரியில் பதினொரு புதுத் திரைகள் இருந்தன. பட்டியலில் பதினொன்று என்று எழுதி அனுப்பினோம்.

இரண்டு வாரம் கழித்துச் சரசு அக்கா வந்தார். மெஷின் கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்து திரை விரிசல் விட்டிருந்தது. மாற்ற இருபது நிமிடம் போதும். திரை என் முதுகுக்குப் பின்னால், நான்கடி தூரத்தில் இருக்கிறது. நான், "பார்ட்ஸ் வரணுங்க, வெச்சுட்டுப் போங்க" என்றேன். அவர் தானாகவே கேசட்டைக் கழற்றப் போனார். வழக்கம் அவருக்கும் தெரியும். நான்தான், "கேசட்டும் இருக்கட்டுங்க, போட்டுப் பாக்கணும்" என்றேன். எப்படியாவது சாரிடம் கேட்டு ஒரு திரையை எடுத்து இரண்டு நாளில் மாட்டிவிடலாம் என்ற நினைப்பு. அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

அன்று மாலையே சாரிடம் கேட்டேன்.

"பட்டியல் போயாச்சு. பதினொண்ணுன்னு எழுதியிருக்கோம். பத்து இருந்தா ஏஜென்ஸியே போயிடும்."

"அந்த அம்மா சனிக்கிழமை போன் பண்ணுவாங்க சார்."

"வருதுன்னு சொல்லுங்க."

"வராதே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "வராதுன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்லை, மணி. உங்களுக்கும் இல்லை."

சனிக்கிழமைதோறும் பண்ணை ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடுவார். "ஏனுங்க, வந்துருச்சுங்களா?" நான், "அடுத்த வாரம் பாக்கலாமுங்க" என்பேன். "சரீங்க, வெச்சர்றேன்." அவ்வளவுதான். திட்டமாட்டார், சலித்துக்கொள்ளமாட்டார். எத்தனை சனிக்கிழமை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டு அலமாரியைத் திரும்பிப் பார்ப்பேன். இது அவரிடம் மட்டும் நடந்ததில்லை. நெய் வியாபாரியிடம் இதையே சொன்னேன், ரிக் லாரிக்காரர்களிடமும் சொன்னேன். அவர்கள் மெஷினை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், மறுபடி வரவில்லை. சரசு அக்கா ஒருவர்தான் என்னை நம்பி அங்கேயே விட்டுவைத்தார்.

பிறகு கடைசிக் கடிதம். பட்டியலில் உள்ள உதிரிகளை அழிக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்கு மேல் சர்வீஸில் தங்கிவிட்ட பழைய மாடல்களையும், 'உடன் உள்ள பொருள்களோடு' சேர்த்து அழிக்க வேண்டும். அந்தக் கஸ்டமர்களுக்குப் புது மாடலில் சலுகைக் கூப்பன் தரப்படும். அழிக்கும் முறையும் எழுதியிருந்தது. திரையில் ஒரு துளை, போர்டில் ஒரு துளை, கேசட் இருந்தால் அதில் ஒன்று. வரிசை எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துச் சில்லுகளோடு மூட்டை கட்டி அனுப்ப வேண்டும்.

கடையின் பின்கட்டில், மதியம் மூன்று மணி வெயிலில், பலகை மேல் வைத்து டிரில் போட்டேன். முதலில் பதினொரு திரைகள். ஒவ்வொன்றிலும் மேலே ஒட்டிய பாதுகாப்புத் தாள்கூட உரிக்கப்படவில்லை. பிறகு மெஷின்கள். சார் பட்டியலைப் பிடித்துக்கொண்டு எண் வாசித்தார். சரசு அக்காவின் மெஷினில் வரிசை எண்ணை அந்தப் பிளாஸ்டர் மறைத்திருந்தது. நகத்தால் உரித்தேன்.

"சார், இது அந்த அம்மா தப்பு இல்ல. நாமதான் தொண்ணூறு நாள் வெச்சிருந்தோம்."

"தெரியும்."

"கேசட்டையாவது எடுத்துர்றேன் சார்."

"உள்ளே வரும்போது ரிஜிஸ்டர்ல 'கேசட்டுடன்'னு நீங்கதான் எழுதியிருக்கீங்க, மணி."

அவர் சொன்னது சரி. என் கையெழுத்துத்தான். டிரில் இறங்கும்போது கேசட்டிலிருந்து கருகிய வாடை வந்தது. நான் மாட்டிய பேட்டரி இரண்டாகப் போனது. சார் போட்டோ எடுத்தார். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொன்றும் எடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தன் விடுப்பு நாளில், சரசு அக்கா நேரில் வந்தார். கையில் துணியால் இறுக்கிக் கட்டிய ஓர் அட்டை முட்டை, முப்பது. "உங்களுக்குத்தானுங்க. இத்தன நாளா எங்களுக்காவ அலையறீங்களே" என்று கவுண்டர் மேல் வைத்தார்.

சார்தான் பேசினார். நாற்காலி போட்டார், டீ சொன்னார். எந்தச் சொல்லும் கடுமையாக வராமல், பழைய மாடல் நிறுத்தப்பட்டதையும், கூப்பனையும் விளக்கினார். புது மாடலை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, அவர் முன்னால் வைத்தார்.

சரசு அக்கா அதைத் தொடவில்லை. "இருக்கட்டுங்க. எங்க மெசினக் குடுத்துருங்க. ஒடைஞ்சது ஒடைஞ்சாப்லயே இருந்தாலும் பரவால்லீங்க."

"அது கம்பெனிக்குப் போயிடுச்சும்மா."

"கேசட்டுங்க?"

சார் என்னைப் பார்த்தார்.  நான், "அதுவும் போயிருச்சுங்க" என்றேன்.

சரசு அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு என்னிடம் மட்டும் பேசினார். "ஆகாதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எடுத்துட்டுப் போயிருப்பேனுங்களே. வாரா வாரம் வரும் வரும்னு சொன்னீங்க. நானும் அவங்க மூணு பேருகிட்டயும் வரும் வரும்னு சொன்னேன். அவங்க இப்ப என்னையத்தானே கேப்பாங்க."

டீயைக் குடிக்கவில்லை. எழுந்தார். கூப்பனை மடித்து அப்படியே கவுண்டரில் விட்டார். நான் முட்டை அட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வேண்டாங்க, இங்கயே இருக்கட்டும். பஸ்ஸுல மறுபடி தூக்கிட்டுப் போனா ஒடைஞ்சுரும்" என்றார்.

சாயங்காலம் சார் முட்டைகளைக் கடை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். என் பங்குக்கு ஆறு வந்தது. வீட்டில் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டேன்.

புது மாடல் ஓடவில்லை. மாசம் ஒரு கேம் வாங்குகிற பையன்கள் அதைவிடப் பெரிய மெஷின் கேட்டார்கள். ஒரே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்த ஜனங்கள் கடைப் பக்கமே வரவில்லை. அடுத்த வருடம் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. சாதாரண வாடிக்கையாளர்கள் குறைந்ததற்குக் காரணம் என்ன, ஒன்றைக் குறிக்கவும் என்று நான்கு கட்டம். செல்போன், விலை, நேரமின்மை, பிற. சார் செல்போனில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். சர்வீஸ் பொறுப்பாளர் என்ற இடத்தில் நானும் போட்டேன். பிற என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள். நிறைய எழுதலாம், நல்ல நீளம்.

அந்தக் கையெழுத்து உறுத்தியதாலோ என்னவோ, பழைய சாமான் விற்கிறவர்களிடம் தேட ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தேடினேன். கடைசியில் அதே மாடல் மெஷின் ஒன்றும், அதே ஆட்டத்தின் கேசட் ஒன்றும் கிடைத்தன. திரை மாற்றி, பேட்டரி மாற்றி, துடைத்து எடுத்துக்கொண்டு வெண்ணந்தூருக்குப் பஸ் ஏறினேன்.

பண்ணை வாசலில் சொல்லி அனுப்பினேன். சரசு அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. மெஷினை நீட்டி, வந்த காரியத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கப் பஸ்ஸில் நிறைய யோசித்து வைத்திருந்தேன். "அன்னைக்குத் திரை கடையிலயேதான் இருந்துதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கையை நீட்டினார். மெஷினை வாங்கி ஆன் செய்தார். நின்றபடியே ஆடினார். துண்டுகள் விழுந்தன. இரண்டு வரிசை சேர்த்தார். மூன்றாவது துண்டைத் திருப்புவதற்குள் அது குறுக்காக உட்கார்ந்தது. அதன் மேல் இன்னொன்று. ஒரு நிமிடத்தில் திரை மேல்வரை நிறைந்து ஆட்டம் முடிந்தது. பெயர் எழுதச் சொல்லித் திரை கேட்டது. அவர் ஆஃப் செய்துவிட்டார்.

"கை மறந்துருச்சுங்க" என்று திருப்பி நீட்டினார்.

"ஆட ஆட வந்துருமுங்க. வெச்சுக்கங்க. மத்தவங்களும் ஆடட்டும்."

"தாயம்மா மில்லு வேலைக்குப் போயிட்டா. மத்தவங்க ரெண்டு பேரும் இருக்கறாங்க." ஷெட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சோறு தின்னுட்டு அந்த அர மணி நேரம் எல்லாரும் இப்பப் படுத்துக்கறமுங்க. அப்படியே பழகிருச்சு. கொண்டு போங்க, வேற ஆருக்காவது ஆவும்."

வேலை கிடக்கிறது, வாரேனுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.